ஐப்பசியில் போய்ச் சேர்ந்த சித்திரைச் செய்தி

பட்டியலில் அந்த எண்ணைக் கண்டபோது பகல் மணி பன்னிரண்டு முப்பத்தாறு. திரையில் மற்ற வரிகளெல்லாம் நானூற்றுப் பத்து, நானூற்றுப் பதினொன்று என்று அன்றைய செய்திகளின் எண்களோடு வரிசையாக நின்றன. நடுவில் ஒரு வரி மட்டும் முப்பத்தேழு. அதன் பக்கத்தில், புதுப்பட்டிக்கு அனுப்பப்பட்டது என்பதற்கான குறி. நேரம் பன்னிரண்டு பத்து.

அது என்ன செய்தி என்பது திறந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. எழுதியவள் நான். ஆனால் அதை எழுதியது அன்றைக்கு அல்ல. ஆறு மாதங்களுக்கு முன், சித்திரை வெயிலில், ஓர் ஒத்திகைக்காக எழுதியது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் கற்பித்து வந்தேன். மோர்ஸ் தேர்வு எழுதி, அமெச்சூர் ரேடியோ உரிமமும் பெற்றிருந்தேன். தொலைதூரத்துக் குரல்களைத் தேடிப் பிடித்து மகிழ்வதோடு அந்த உரிமத்தின் பயன் முடிந்துவிடக் கூடாது என்ற எண்ணம் எனக்கு ஓயாமல் இருந்தது. மலையடிவாரத்து ஊர்களில் மழை வலுத்தால் முதலில் அறுந்துபோவது தொலைபேசி. அப்படிப்பட்ட நாளில் செய்தி கொண்டுபோக மூன்று இடங்களை ரேடியோவால் இணைத்தோம். ஒன்று, நான் குடியிருந்த வாடகை வீட்டு மாடி. இரண்டாவது, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்த ஒருவரின் மொட்டை மாடி. ஊரே அவரை மாஸ்டர் என்று அழைத்தது. நானும் அப்படியே அழைத்தேன். மூன்றாவது, வ. புதுப்பட்டியில் பம்புசெட் பழுது பார்க்கும் பட்டறை. அதன் மெக்கானிக்கும் எங்களைப் போல உரிமம் பெற்றவர்.

பேச்சாக அல்லாமல் எழுத்தாகச் செய்தி அனுப்பினோம் என்பது எங்கள் பெருமை. கணினியில் தட்டிய வாக்கியத்தை, நாங்களே ஈயப்பற்று வைத்துச் செய்த ஒரு மோடம் பெட்டி சிறு பொட்டலங்களாகக் கட்டி, கிரீச்சென்ற ஒலியாக்கி ரேடியோவில் விடும். மறுமுனைப் பெட்டி ஒவ்வொரு பொட்டலத்தையும் சரிபார்த்து, வந்தது என்று தானாகவே பதில் கொடுக்கும். நடுவில் இருந்த மாஸ்டரின் கணினி அஞ்சல் பெட்டி போல வேலை செய்தது. புதுப்பட்டி எட்டாதபோது செய்தியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எட்டும்போது எவரையும் கேளாமல் அனுப்பிவிடும். அங்கே பட்டறையில் ஒரு பிரிண்டர் அதைத் தாளில் அடித்துத் தரும். வாய்ப்பேச்சில் எண்ணும் இடமும் மாறிப்போகலாம், அச்சாகி வரும் தாள் மாறாது என்று நான் போன இடமெல்லாம் சொல்லி வந்தேன்.

சித்திரை ஒத்திகைக்குப் பத்துச் செய்திகள் எழுதினேன். ஒத்திகை என்ற சொல்லை முதல் செய்தியில் மட்டுமே வைத்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் அதை எழுதினால் யாரும் சுறுசுறுப்பாக அசையமாட்டார்கள், உண்மை போல இருந்தால்தான் பழக்கம் வரும் என்பது என் நியாயம். ஒன்பது செய்திகள் போயின. பத்தாவது போகும் நேரத்தில் புதுப்பட்டியில் மின்சாரம் நின்றது. அதோடு ஒத்திகையை முடித்துக்கொண்டு டீ குடித்துக் கலைந்தோம். போகாமல் நின்ற அந்தச் செய்தி அஞ்சல் பெட்டியின் உள்ளேயே கிடந்தது. அடுத்த வாரம் பட்டறைக் கணினி பழுதாகி, ஐப்பசி வரை கிடப்பில் இருந்தது.

அந்தச் செய்தி இதுதான்: ஓடை பெருகுகிறது, மேலத் தெருக் குடியிருப்பினர் உடனே வீட்டைக் காலி செய்யவும், அனைவரும் தரைப்பாலம் கடந்து எதிர்க்கரைப் பள்ளிக்கூடத்துக்குச் செல்லவும்.

சித்திரையில் அந்தத் தரைப்பாலத்தின் மேல் ஆடுகள் படுத்திருக்கும். ஐப்பசியில், மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, அதன் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். நான் எழுதிய செய்தி மக்களைத் தண்ணீரிலிருந்து விலக்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கச் சொல்லியது.

அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் புதுப்பட்டியை அடுத்த வத்திராயிருப்புக்கும் இடையில் தொலைபேசி அறுந்துவிட்டது. பிறருடைய செய்தியை நாங்கள் சுமக்கக் கூடாது என்பது உரிம விதி. பேரிடர் நேரத்தில், அதிகாரிகள் கேட்டால் மட்டும் சுமக்கலாம். தாலுகா அலுவலகத்திலிருந்து எழுத்தில் கேட்டார்கள். பள்ளிக்கு மழை விடுமுறை. நான் லாரி பேட்டரியோடு மாடியில் உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக் கையடக்க ரேடியோவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, அணையில் தண்ணீர் மட்டம் பார்க்கப் பிளவக்கல்லுக்கு மொபெட்டில் கிளம்பினார். பட்டறையில் அவர் மனைவி இருந்தார். பத்தாவது வரை படித்தவர். ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பும் தமிழைத் தடங்கலின்றி வாசிப்பார். தாள் வந்தால் கிழித்து எடுத்து, கணினியில் ஒரு விசையை அழுத்திவிட்டு, தலையாரியிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். விசையை அழுத்தினால் 'வாசித்தாயிற்று' என்று எங்களுக்குப் பதில் வரும்.

முப்பத்தேழுக்கு அந்தப் பதில் வந்திருந்தது. பன்னிரண்டு பதினாலுக்கு.

மைக்கை எடுத்தேன். "மாஸ்டர், முப்பத்தேழு எப்படிப் போச்சு? ஓவர்."

"எந்த முப்பத்தேழும்மா? நான் இன்னிக்குப் போட்டது நானூத்துச் சொச்சம்தானே?"

"சித்திரையில நான் போட்டது. ஒத்திகைச் செய்தி. தரைப்பாலம் தாண்டிப் போகச் சொல்ற செய்தி. அது புதுப்பட்டிக்குப் போயிருக்கு."

மறுமுனையில் விசைகளைத் தட்டும் ஓசை கேட்டது.

"பெருமாளே! அது இன்னுமா உள்ள கெடந்தது? பட்டறைக்காரன் நேத்திக்குத்தான் கணினிய சரி பண்ணினான். பன்னெண்டு மணிக்கு மேல நான் ஃபார்வேர்டைத் திறந்து விட்டேன், இன்னிக்குப் போட்டது தானாப் போகட்டும்னு. பழசுலேந்து எடுத்துக் குடுத்திருக்கு, பாவி மிஷின்!"

"அந்த அக்கா வாசிச்சிட்டாங்க மாஸ்டர். கெளம்பியிருப்பாங்க."

"தேதியைப் பாத்திருப்பாளோல்லியோ?"

பார்த்திருக்க மாட்டார். பட்டறைக் கணினிக்குள் கடிகாரத்துக்கான பேட்டரி செத்து வெகுநாள் ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது எந்தக் காலத்துத் தேதியையோ காட்டும். "தேதியைக் கண்டுக்காதீங்க, விஷயத்தைப் பாருங்க" என்று அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னவளும் நான்தான்.

மறுப்புச் செய்தி அனுப்ப உட்கார்ந்தேன். முந்தைய செய்தி பொய் என்று மட்டும் எழுதினால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இந்த மழையில் மேலத் தெருவில் உண்மையாகவே தண்ணீர் ஏறினால் என்ன ஆகும்? ஒரு தவறைத் திருத்தப் போய் இன்னொரு தவறை அச்சடித்து அனுப்பக் கூடாது. 'தரைப்பாலத்தில் இறங்க வேண்டாம். இக்கரையிலேயே மேட்டுக்குச் செல்லவும்' என்று தட்டினேன். எந்த மேடு? தெரு இருக்கும் கரையில் மேடு எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தை நான் நில அளவை வரைபடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தேன். கான்கிரீட் கூரை, உயரமான இடம் என்று குறித்திருந்தேன். மழைக்காலத்தில் ஒருமுறைகூட அந்த ஓடைக்கரையில் நான் நின்றதில்லை.

அப்படியே அனுப்பினேன். சில நொடிகளில் பெட்டி பதில் சொன்னது: வந்தது, வந்தது, வந்தது. எல்லாப் பொட்டலங்களும் பழுதின்றிச் சேர்ந்துவிட்டன. 'வாசித்தாயிற்று' மட்டும் வரவில்லை. ஆளில்லாத பட்டறையில் பிரிண்டர் தாளைத் தள்ளிக்கொண்டிருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

மெக்கானிக்கைப் பிடிக்கலாம் என்றால், அவர் பேட்டரியை மிச்சம் பிடிக்க ஒவ்வொரு அரைமணிக்கும் ஐந்து நிமிடம் மட்டுமே ரேடியோவைத் திறப்பார். பன்னிரண்டரைக்குத் திறந்து முப்பத்தைந்துக்கு மூடியிருப்பார். நான் பட்டியலைப் பார்த்தது முப்பத்தாறுக்கு. இனி ஒரு மணிக்குத்தான். பிளவக்கல் என் மாடிக்கு எட்டாது. மாஸ்டர் வழியாகத்தான் பேச முடியும். ஆகவே அவர் இடத்தை விட்டு எழ முடியாது. கீழே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டு, போலீஸ் ஸ்டேஷன் வயர்லெஸ்ஸில் வத்திராயிருப்புக்குச் சொல்லச் சொல்லி அனுப்பினார். குடையோடு ஓடியிருக்கிறார் அவர். அங்கிருந்து ஒரு காவலர் கிளம்பிப் புதுப்பட்டி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று எங்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை.

அப்போது மணியொலி நினைவுக்கு வந்தது. செய்தியோடு ஒரு தனிக் குறியைச் சேர்த்தால் மறுமுனைக் கணினி 'பீப்' என்று ஒலிக்கும். நூறு குறிகளை வரிசையாகத் தட்டி அனுப்பினேன். மீண்டும் நூறு. பட்டறை ஓயாமல் கத்தினால் தெருவில் போகிற யாராவது எட்டிப் பார்ப்பார்கள், தாள் வந்திருப்பதைக் காண்பார்கள் என்று நம்பினேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தும் புதுப்பட்டிப் பெட்டி பதில் தரவில்லை. பட்டறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றே நினைத்தேன். நடந்தது வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் சத்தம் பொறுக்காமல் உள்ளே வந்து, "சனியன் புடிச்ச பொட்டி, என்னமா கத்துது" என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அச்சாகிக் கிடந்த மறுப்புச் செய்தி அவர் காலடியில் இருந்திருக்கிறது.

ஒரு மணி ஆனது. எனக்குக் கேட்டது மாஸ்டரின் குரல் மட்டும். மெக்கானிக் பேசிய பகுதிகளில் வெறும் இரைச்சல்.

"நான் சொல்றதை நிதானமா கேளு. உங்க வீட்டுல ஒரு தாள் வந்திருக்கு."

இரைச்சல்.

"இல்லப்பா, அணையில ஒண்ணும் இல்லேன்னு நீ சொல்றது சரிதான். தாள் தப்பு. சித்திரையில போட்ட ஒத்திகைத் தாள். தெருவைக் காலி பண்ணித் தரைப்பாலம் தாண்டச் சொல்றது."

இரைச்சல் நீண்டது. அதன் நடுவில் அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. மாஸ்டர் சொன்ன பதிலிலிருந்து ஊகித்தேன்.

"ஆமா. அவளும்தான் போயிருப்பா."

பிறகு மாஸ்டர் என்னிடம் பேசினார். "கெளம்பிட்டான்ம்மா. வேற ஒண்ணும் கேக்கலை. 'யாரு போட்ட தாளு'ன்னு மட்டும் கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"நம்ம எல்லாரும்னேன்."

அந்த 'எல்லாரும்' எனக்கு ஆறுதலாக இல்லை. பிளவக்கல்லிலிருந்து புதுப்பட்டிக்கு, மழையில், அந்தச் சாலையில் மொபெட் எவ்வளவு விரைந்தாலும் இருபது நிமிடம். கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து, தெலுங்கும் தமிழும் கலந்து சாப்பிடக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

ஒன்று முப்பத்தைந்துக்கு மாஸ்டரின் குரல் மீண்டும் வந்தது. இம்முறை அவர், மெக்கானிக் சொல்லச் சொல்ல வாக்கியம் வாக்கியமாக எனக்குத் திருப்பிச் சொன்னார்.

"ஓடைக்கு வந்துட்டான். தாண்டறதை நிறுத்திட்டானாம். ஆனா பாதிப் பேர் தாண்டியாச்சு. முதல்ல குழந்தைகளைத்தான் அனுப்பியிருக்கா. 'பிள்ளைக பூரா அங்கிட்டு, பெத்தவுக இங்கிட்டு'ங்கறான். அவன் ஆம்படையாளும் அந்தக் கரையில குழந்தைகளோட நிக்கறா. நடுவுல தண்ணி இடுப்புக்கு மேல."

"யாருக்காவது...?"

"தலையாரி விழுந்துட்டார். கயித்தைப் புடிச்சுண்டு நடுவுல நின்னு, ஒவ்வொருத்தரா கடத்தி விட்டுண்டிருந்தாராம். மரம் ஒண்ணு அடிச்சுண்டு வந்து கால்ல மோதியிருக்கு. இழுத்துப் போட்டுட்டா. உசுருக்கு ஒண்ணுமில்லை. கால் முறிஞ்சிருக்கு."

பதினாலு பிள்ளைகள். எதிர்க்கரையில், என் வரைபடத்துப் பள்ளிக்கூட வராந்தாவில். மழை விடுமுறையானதால் பள்ளி பூட்டியிருந்தது. அதையும் நான் யோசித்திருக்கவில்லை. அங்கே கைக்குழந்தையும் உண்டா, யார் யார் அவர்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டு என்ன செய்வேன் என்ற கேள்வியும் உடன் வந்தது. ரேடியோ அலைவரிசையை அடைத்துக்கொண்டு கேள்வி கேட்பதுகூட அப்போது ஓர் இடையூறு. அரைமணிக்கொருமுறை தண்ணீரின் உயரம் மட்டும் வந்தது. மார்பளவு. மார்பளவு. அப்படியே. இடுப்பு. வத்திராயிருப்புக் காவலர் வந்து சேர்ந்துவிட்டார். முழங்கால்.

மாலை ஐந்தேகாலுக்குப் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கு வந்தார்கள். எண்ணிப் பார்த்தார்கள், பதினாலு. மெக்கானிக்கின் மனைவி கடைசியாக இறங்கி வந்தாராம். அன்று மேலத் தெருவுக்குள் தண்ணீர் ஏறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டிக்குப் போவதென்று முடிவு செய்தேன். வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி மாஸ்டரைப் பார்த்தேன்.

"முன்ஜாக்கிரதைக்கு அனுப்பினோம்னு சொல்லிடும்மா" என்றார் அவர். "பொய் இல்லை, பாதி உண்மை. ஒத்திகைத் தாள்னு தெரிஞ்சா, நாளைக்கு நெசமான தாள் வரப்போ ஒருத்தரும் அசையமாட்டா. அப்போ போற உசுருக்கு யார் பதில் சொல்றது?"

அது அலட்சியமான வாதம் அல்ல. பேருந்தில் கான்சாபுரம் தாண்டும்வரை அதையே எடைபோட்டுக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால் எங்கள் தாளின் மதிப்புப் போகும். அந்த இழப்பு அடுத்த வெள்ளத்தில் ஓர் உயிராக முடியலாம். சொல்லாவிட்டால் தாளின் மதிப்பு நிற்கும். ஆனால் அதே கோளாறு மறுபடியும் நேர்ந்தால், மறுபடியும் கேள்வி கேட்காமல் இறங்குவார்கள். அவர்கள் கேள்வி கேட்காமல் இருப்பதை நம்பித்தான் என் வலைப்பின்னல் நிற்கிறது என்றால், அது நிற்கத் தகுதியற்றது. இந்த முடிவுக்கு வந்தபோது தைரியமொன்றும் வந்துவிடவில்லை.

முதலில் தலையாரியின் வீடு. கட்டுப்போட்ட காலை நீட்டிக் கட்டிலில் கிடந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ வெளையாட்டுத் தாளுக்கா எங் காலு போச்சு?" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பிறகு எத்தனையோ முறை அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். அவர் என்னோடு பேசியதில்லை.

பட்டறை வாசலில் மேலத் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். அங்கேயும் சொன்னேன். மெக்கானிக் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு, தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் பேசினார்.

"டீச்சர், அந்தத் தரைப்பாலத்தை மழைக்குள்ள பாத்திருக்கீகளா நீங்க?"

"இல்லை. மேப்புல பாத்தேன்."

"மேப்புல தண்ணி ஓடாதுல்ல."

யாரோ சிரித்தார்கள். "ஏலே, மேப்பு மேலயே நடந்து போயிருக்கலாம்லா நாம" என்றது ஒரு குரல்.

"சிரிக்காதீக. எனக்கு வவுறு எரியுது" என்று அவர் அதட்டினார். "தண்ணியப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுச்சு டீச்சர், இதுல எறங்கக் கூடாதுன்னு. தலையாரியும் சொன்னாரு, 'ஏட்டி, இது சரியா வராது'ன்னு. தாளுல போட்டிருக்கேன்னு நாந்தான் மல்லுக்கட்டுனேன். அவுகளுக்கு மேல இருந்து பாக்கத் தெரியும், நமக்கு என்ன தெரியும்னு சொன்னேன். எங் கண்ணு பாத்ததைவிட உங்க தாளு பெருசாப் போச்சு."

மேலே இருந்து பார்க்கத் தெரியும். நான் மாடியில் உட்கார்ந்திருந்தேன். பார்த்தது ஒரு திரையை.

"அந்தத் தெருவுக்குத் தண்ணி வந்தா எங்க போவீங்க?" என்று கேட்டேன். இதை நான் சித்திரையில் கேட்டிருக்க வேண்டும்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் ஒரே திசையில் கை காட்டினார்கள். தெருவின் பின்னால், இக்கரையிலேயே, நெல் காயப்போடும் பாறைக்களமும் அதையொட்டிப் பழைய ரைஸ்மில்லும் இருந்தன. அங்கே தண்ணீர் ஏறி யாரும் பார்த்ததில்லையாம். என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். நான் குறித்துக்கொண்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது, மை கலைந்தது.

அந்த மழைக்காலம் முழுவதும் பிரிண்டரின் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டார் மெக்கானிக்கின் மனைவி. நான் சொல்லியும், மாஸ்டர் சொல்லியும், கணவர் சொல்லியும் மாட்ட விடவில்லை. "மறுபேச்சுப் பேசாத தாளு எனக்கு வேண்டாம். நான் திருப்பிக் கேட்டா பதில் சொல்ல ஆளு வேணும்" என்றார். ரேடியோவில் திருப்பிக் கேட்க உரிமம் வேண்டும் என்று மெக்கானிக் சொன்னபோது, "அப்போ அந்தப் பரிட்சைய நானும் எழுதுதேன்" என்றாராம். அது கோபத்தில் சொன்னது என்று மெக்கானிக் நினைத்திருக்கிறார். அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் மனைவி தேர்வு எழுதி உரிமமும் பெற்றுவிட்டார். பிரிண்டருக்கு மறுபடி வயர் வந்தது.

அடுத்த ஆண்டு மலையில் முதல் பெருமழை பெய்த நாளில், தாலுகா அலுவலகம் கேட்டுக்கொண்டபடி ஒரு செய்தியைத் தட்டினேன். தேதி, நேரம், 'ஒத்திகை அல்ல' என்ற சொற்கள், பாறைக்களம் என்ற இடம், எல்லாம் அதில் இருந்தன. வந்தது, வந்தது என்று பெட்டி சொன்னது. 'வாசித்தாயிற்று' வரவில்லை. மாறாக, மெக்கானிக்கின் மனைவியிடமிருந்து மாஸ்டர் மூலம் ஒரு கேள்வி வந்தது.

"ஓடையில தண்ணி ஏறுதுன்னு போட்டிருக்கேளே, பாத்தது யாருன்னு கேக்கறாம்மா."

தாலுகா அலுவலகத்துக்குச் சொன்னவர் யார் என்று விசாரிக்க எட்டு நிமிடம் ஆனது. அந்த எட்டு நிமிடமும் மேலத் தெரு அசையாமல் இருந்தது. கேள்வி சரியானது என்பதும், அதற்காகக் கழியும் நேரத்தில் தண்ணீர் ஏறலாம் என்பதும் ஒருசேர எனக்குத் தெரிந்திருந்தன.

"அணைக் காவலாளி பார்த்திருக்கிறார். காலை பத்தேகாலுக்கு, தன் கண்ணால். நான் பார்க்கவில்லை" என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு மாஸ்டர் சொன்னார்.

"எல்லாரும் கெளம்பறாளாம். களத்துக்கு."